எழுபத்திரண்டு றாத்தல் சந்தோஷம்

“எழுபத்திரெண்டு!”

காலை, பகல், மாலை என்ற மூன்று நிறுவையையும் கூட்டிப் பார்த்து, நம்பிக்கை வராமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கூட்டிய பிறகுதான் கணக்கப்பிள்ளை செல்லசாமி அந்த எண்ணைக் கூவினார். சித்திரைத் தேயிலைக் கொழுந்து மலையெல்லாம் பொங்கி நின்ற காலம்தான். ஆனாலும் கை தேர்ந்த பெண்களே ஐம்பதோடு மூச்சு வாங்கினார்கள். எழுபத்திரண்டு றாத்தல் எடுத்த நாகலெட்சுமியோ வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “இன்னும் இருக்குதா மலை? எல்லாத்தையும் கொண்டாங்க!” என்று சிரித்தாள்.

அவளுடைய அப்பா நல்லமுத்துக் கங்காணி கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை கழற்றிக் கொடுத்த கோட்டு அது. முழங்கால் வரை தொங்கும். அதுதான் அதன் அழகு என்று கங்காணி நம்பினார். அவரிடம் வேலை பார்க்கும் நாற்பது பேரும் நம்புவதாக நடித்தார்கள்.

“லிந்துலைப் பக்கம் யாரும் போறீங்களாப்பா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “போனா, எழுபத்திரெண்டுன்னு சொல்லிட்டு வாங்க.”

யாரிடம் சொல்ல வேண்டும் என்பது தோட்டத்துக்கே தெரியும். லிந்துலையில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த முத்துலிங்கம், இரண்டு வருஷத்துக்கு முன் நாகலெட்சுமிக்குப் பரிசம் போட்டவன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து கோழிக் குழம்பு சாப்பிட்டவன். போன மாதம் அவன் வரவில்லை. அவனுடைய மாமா வந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பேருக்கும் ராசி ஒத்து வரலீங்க கங்காணி” என்றார். இரண்டு வருஷம் கோழிக் குழம்போடு ஒத்துப் போன ராசி, தலவாக்கலையில் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்ததும் முறுக்கிக்கொண்டு விட்டது.

முதல் பத்து நாள் நாகலெட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. கங்காணிக்கு அது பெரிய தலைகுனிவு. பதினோராம் நாள் விடியற்காலை, பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்னே எழுந்து பீலித் தண்ணீரில் குளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே லயத்துச் சாக்கடைக் கான் முழுவதையும் ஒருத்தியாகக் கழுவி விட்டாள். அன்றைக்கு ஐம்பத்தெட்டு றாத்தல். மறுநாள் அறுபத்து மூன்று.

ஊசிமலைத் தோட்டத்தில் நோய்க்கு ஒரே அடையாளம்தான்: கொழுந்து குறைவது. கொழுந்து கூடினால் சுகம் கூடியதாக அர்த்தம். துரையிலிருந்து பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும் கிழவி வரை இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆகவே நாகலெட்சுமி தேறி விட்டாள் என்று முடிவாயிற்று.

அழகம்மா மட்டும் முடிவு கட்டவில்லை. பெற்றவள், மகளோடு ஒரே லயத்துக் காம்பராவில் படுப்பவள்.

“ஏங்க, புள்ள கண்ணே மூட மாட்டேங்குது. சோத்தத் தொட மாட்டேங்குது. பேசிக்கிட்டே இருக்குதுங்க. ஒரு பேச்ச முடிக்கு முன்ன இன்னொரு பேச்சுக்குத் தாவுது.”

“தூங்கித் தூங்கித்தான் ஒங்க அக்கா மக பதினெட்டு றாத்தல் எடுக்குறா. எம்மக அழுதுக்கிட்டுக் கெடப்பான்னு நெனச்சானுங்கள்ல? மூஞ்சியில கரியப் பூசிட்டா பாரு!”

அழகம்மா மகளைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் கூட்டிப் போனாள். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். “நேத்து எவ்வளவு?” என்று கேட்டார். சொன்னார்கள். “இந்த நோய என் பொண்டாட்டிக்கும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்கம்மா” என்று சிரித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. துரையின் பேரால் ஒரு கம்பளி. கணக்கப்பிள்ளையின் சொற்பொழிவு. கங்காணிக்கு மேடையில் நாற்காலி. இந்தச் செய்தியும் லிந்துலைக்குப் போனது.

அன்று காலை, கூட்டம் தொடங்குமுன், டிக்கோயா கடைவீதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் மஃறூப் மலையேறி வந்தார். கங்காணி வாயெல்லாம் பல்லாக, “வாங்க நானா! ஒங்களுக்கும் சேதி வந்திருச்சா?” என்றார்.

மஃறூப் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நாகலெட்சுமியின் தோடு இரண்டும் இருந்தன.

“நேத்து அந்திக்கி ஒங்கட மகள் கடைக்கி வந்திச்சி. நாப்பது பட்டுச் சேலை கேட்டிச்சி. நாளைக்கி அதுக்குக் கலியாணமாம், மாப்பிள்ளை பஸ்ஸுல வந்துகொண்டு ஈக்கிறாராம், தொரை தோட்டத்த அது பேருக்கு எழுதிக் குடுக்கப் போறாராம். காதுல ஈந்தத கழட்டி வெச்சிட்டு, மிச்சத்த தோட்டம் கைக்கி வந்த பொறகு தாரேண்டு சொல்லிச்சி. நான் சேலை குடுக்கல்ல.”

“வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கும்...”

“எண்ட தங்கச்சி ரபீக்காவும் இப்படித்தான் சொல்லிச்சி, கங்காணி. மாப்பிள்ளை தலாக் சொல்லிட்டுப் போன பொறகு. தூக்கமில்ல, தீனில்ல, ஒரே சிரிப்பு. ஒரு கிழமையில நூறு சட்டை தைச்சிச்சி. நாங்க அல்லாஹ் தந்த பரக்கத் எண்டு நெனச்சி ஊருக்கெல்லாம் சொன்னோம். பொறகு ஒரு நாள் ஓடுற லொறிக்கி முன்னுக்குப் போய்க் கைய நீட்டி நிண்டிச்சி. காலொண்டு போச்சி. இது ஒரு நோய் வருத்தம். ஆஸ்பத்திரிக்கி ஏத்துங்கோ.”

கங்காணி கைக்குட்டையைத் தள்ளி விட்டார். “எம்மகளுக்குப் பைத்தியம்னு சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீங்களா?”

“அந்தச் சொல்ல நான் சொல்லல்ல. நீங்கதான் சொன்னீங்க” என்றார் மஃறூப். ஆனால் திரும்பிப் போகவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்று கொண்டார்.

கணக்கப்பிள்ளை பேசினார். உழைப்பைப் பற்றிப் பேசினார். பெண் குலத்தைப் பற்றிப் பேசினார். பெரும்பாலும், தான் சிறு வயதில் எவ்வளவு உழைத்தார் என்பதைப் பற்றிப் பேசினார். பாதியில் நாகலெட்சுமி எழுந்து வந்தாள்.

“போதும் மாமா, ஒக்காருங்க. எல்லாரும் கேட்டுக்குங்க! நாளையிலருந்து யாரும் பெரட்டுக்குப் போக வேணாம். தோட்டம் என்னோடது. தொரை எனக்குக் கடுதாசி போட்டிருக்காரு, மேகத்துல எழுதி. வீரய்யாண்ணே, நீங்க பெரட்டுத் தப்பு அடிச்சது போதும், நீங்கதான் இனி தொரை. தொரைசாணிக்கு ஒரு வீடு, ஒங்களுக்கு ரெண்டு வீடு...”

கூட்டம் ஆரவாரித்தது. கை தட்டியது. அவள் வேகமெடுத்தாள். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்தன. கைதட்டல் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியது. யாரோ விசிலடித்தார்கள். “தொரைசாணிய்ய்!” என்று ஒரு குரல். அவள் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டாள்.

அப்போதுதான் கங்காணி அந்தக் கைகளைப் பார்த்தார். விரல்களின் தோல் கிழிந்து, நகக்கண்ணெல்லாம் சீழ் வைத்திருந்தது. பன்னிரண்டு நாள் அந்தக் கைகள் பறித்ததை அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். கைகளை ஒரு நாளும் பார்த்ததில்லை.

செல்லசாமி அவர் காதருகே குனிந்தார். “கங்காணி, நெலம சரியில்ல. கம்பளிய நான் ஸ்டோர்ல வச்சிர்றேன். தொரை காதுக்குப் போனா எம்பேரும் அடிபடும்” என்று சொல்லி, மடித்த கம்பளியோடு இறங்கிப் போய் விட்டார்.

கங்காணி கோட்டைக் கழற்றி மகளின் தோளில் போட்டார். “வாம்மா, பஸ்ஸு வந்திருக்கும்” என்றார். மாப்பிள்ளை வரும் பஸ் என்று நினைத்து அவள் குதித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பொய்யை வாயைத் திறந்து மாற்ற அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பக்கம் அழகம்மா, பின்னால் மஃறூப்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிங்களவர். நோயாளிகளிடமே தமிழ் படித்தவர். நாகலெட்சுமியை வெகு நேரம் பேச விட்டுக் கேட்டார். பிறகு கங்காணியிடம் திரும்பினார்.

“எத்தனை நாளா தூங்கல?”

கங்காணி அழகம்மாவைப் பார்த்தார்.

“நேத்து என்ன சாப்பிட்டா?”

“நேத்து... நேத்து அறுபத்தொம்பதுங்க ஐயா. வெள்ளிக்கெழம எழுபத்திரெண்டு. வியாழக்கெழம...”

“நான் றாத்தல் கேக்கல்ல.”

“பன்னெண்டு நாளுங்க” என்றாள் அழகம்மா. “ஒரு மணி, ரெண்டு மணி கண்ணசந்தா பெருசு. நேத்து அரை ரொட்டி.”

டாக்டர் எழுதிக்கொண்டார். “மேனியாவா இருக்கலாம். இப்பவே நிச்சயமா சொல்ல முடியாது, கண்டியில பாக்கணும். மனசு ஒடிஞ்சா சில பேருக்கு அழுகை வரும். சில பேருக்கு இந்த மாதிரி. பாக்கிறவனுக்கு சந்தோஷம் மாதிரித்தான் இருக்கும். யாரும் பயப்பட மாட்டான். அதுதான் மோசம்.”

“பேயி பிசாசு...?” என்று இழுத்தார் கங்காணி.

“இல்ல. நோய். மருந்து இருக்கு.”

கண்டி ஆஸ்பத்திரியில் ஐந்தாவது வாரம், நாகலெட்சுமி கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் அளவுக்கு வந்திருந்தாள். பேச்சு மெதுவாகி விட்டது. விரல்களில் புதுத் தோல். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு விட்டுட்டுப் போனாருப்பா. சொல்லாமப் போனாரு. சரி. நீங்க போகல. கூடவே நின்னீங்க. நின்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

கங்காணி உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஏமாற்றியவன் லிந்துலையில் இருக்கிறான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் செல்லசாமி குடையோடு வந்து சேர்ந்தார். நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தோட்டத்துல டைபாய்டு காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன் கங்காணி. நாளைக்கு வேற மாப்பிள்ள பாக்கணும்ல? கௌரவம் முக்கியம்” என்றார்.

கங்காணி எழுந்து நின்றார்.

“மாத்திச் சொல்லுங்க கணக்கப்பிள்ளை. மனசுல வந்த நோய், ஆஸ்பத்திரியில வச்சிப் பாக்குறாங்கன்னு சொல்லுங்க. ஒரு கௌரவத்துக்காகத்தான் பன்னெண்டு நாளு கண்ண மூடிக்கிட்டேன், இன்னொண்ணு எனக்கு வேணாம். இதையும் சேத்துச் சொல்லுங்க: மனசு ஒடிஞ்ச புள்ள திடீர்னு தூங்காம, திங்காம, சிரிச்சுக்கிட்டே பத்தாள் வேலை செஞ்சா கை தட்டாதீங்க. தேறிட்டான்னு நெனைக்காதீங்க. தூங்குனியா, சாப்பிட்டியான்னு கேளுங்க. இல்லேன்னு சொன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. கூட்டிட்டுப் போகாம இருந்ததுதான் வெக்கம்.”

செல்லசாமி குடையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

நாகலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மன்னிப்பதற்கு அவளுக்கு இன்னும் நாளாகும். எத்தனை நாள் என்று அவர் கேட்கவும் இல்லை.