தட்டில் ஆறிய புண்

ஆய்வகக் கதவைத் தட்டியவர் கம்பை ஊன்றி நின்றார். பெயர் தங்கமுத்து, சித்தையன்கோட்டையில் காய்கறி விவசாயம். இடது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

“ஸ்தனிஸ்லாஸ் சார் மக நீங்கதான? சர்க்கரைப் புண்ணுக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கீங்களாம்ல. கொஞ்சம் குடுங்கம்மா.”

வினோலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். ஓய்வுபெற்ற வாத்தியாரான அவளுடைய அப்பா, ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் மகளின் ஆராய்ச்சியைப் பேசிப் பேசியே மருந்தாக்கிவிட்டார். அவள் செய்ததெல்லாம், தட்டில் வளர்த்த தோல் செல்களில் ஒரு கீறல் போட்டு, வெள்ளி நானோ துகள் கலந்த களிம்பை விட்டால் கீறல் சீக்கிரம் மூடுகிறதா என்று சில மணிக்கொரு முறை படமெடுத்துப் பார்ப்பதுதான். ஏற்கெனவே இரண்டு முறை கரண்ட் போய்ச் சோதனை கெட்டுவிட்டது. மூன்றாவது முறையின் கடைசிப் படம் அன்று நாலு மணிக்கு.

“ஐயா, இத இன்னும் எலிக்குக்கூடப் போட்டுப் பாக்கல. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“போனா கால எடுத்துருவாய்ங்கம்மா. ஒங்க மருந்து வரட்டும்னுதான் இருவது நாளா காத்திருக்கேன்.”

துணியை அவிழ்க்கச் சொன்னாள். சுண்டுவிரல் கரிக்கட்டையாக இருந்தது. மணி மூன்றேகால். கடிகாரத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தவள், வாயில் வந்த வசவை அப்பாவுக்கென்று வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

வழியெல்லாம் அவர், “அந்தக் களிம்ப ஒரு டப்பால போட்டு எடுத்தாந்திருக்கலாம்லம்மா” என்றபடியே வந்தார்.

ஆஸ்பத்திரியில் விரல் போயிற்று, கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். ஆறரைக்கு அவள் ஆய்வகம் திரும்பியபோது, களிம்பு விட்ட தட்டிலும் விடாத தட்டிலும் கீறல் மூடியிருந்தது. எது முந்தி மூடியது என்று சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கத்தினாள்: “ஒங்க பெருமைப் பேச்ச நம்பி ஒரு மனுசனுக்கு வெரலு போயிருச்சுப்பா!”

ஸ்தனிஸ்லாஸ் அன்றிரவு சாப்பிடவில்லை. காலையில் யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் போனவர், ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வகத்துக்குப் போன் செய்தார்.

“நான் சொன்னதெல்லாம் தப்புன்னு அவருகிட்டச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன் பாப்பா.”

“சரி. என்ன சொன்னாரு?”

“நம்ப மாட்டேங்கிறாரு. பெரிய கம்பெனிக்கு விக்கிறதுக்காக நீ மருந்த மறைச்சு வச்சிருக்கியாம். பக்கத்துக் கட்டில்காரரும் ஆமாங்கிறாரு.”

வினோலியா போனை வைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, நாலாவது முறைக்காக உறைய வைத்திருந்த செல்களில் அடுத்த குப்பியை வெளியே எடுத்தாள்.