கடைமடைக்குப் போன படகு

வைகாசி எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, உத்திரமேரூருக்கு மேற்கே நான்கு மாதமாகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஒரு பாய்மரப் படகு வந்து நின்றது. தண்ணீரை அது தன்னோடு கொண்டு வந்திருந்தது. வந்த வழியெல்லாம் இடுப்பளவு ஓடிய தண்ணீர், படகின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் சுவர் வைத்தாற்போல் முடிந்தது. அதற்கு அப்பால் ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த கோரையும்தான். நீர்வளத் துறையிலிருந்து வந்தவர் விரலை நனைத்துப் பார்த்து, தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.

படகில் இருந்தது காசிமேட்டுக்காரர் தானியேல் ஒருவர்தான். புதுச்சேரிக்குப் புறப்பட்டவர், எதிர்காற்றுக்கு ஒதுங்கலாம் என்று பாலாற்று முகத்துவாரத்தில் படகைத் திருப்பியிருக்கிறார். உள்ளே வெறும் மணல். ஆனாலும் படகு போயிற்று. போகிறதை நிறுத்துவானேன் என்று அவரும் நிறுத்தவில்லை. திருமுக்கூடலில் செய்யாற்றுக்குள் திரும்பி, அணைக்கட்டைத் தாண்டி, வாய்க்காலில் இறங்கியபோது காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. பாயைச் சுருட்டிவிட்டு, உள்ளறைக்கு இறங்கும் படியின் அடியில் இருந்த சின்ன டீசல் இஞ்சினை ஓட்டிக்கொண்டு வந்தார். அது நின்றது. அதோடு தண்ணீரும் நின்றது.

நின்ற இடம் வேதகிரியின் முப்பது ஏக்கரின் கடைசி வரப்பு. சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு கருகிக்கொண்டிருந்த நேரம். பொழுது சாய்வதற்குள் அவருடைய வயல்கள் அத்தனையும் நிரம்பின. வரப்புக்கு அப்பால் கடைமடை. காலனிக்காரர்களுக்கு அரசு கொடுத்த நாற்பத்தொரு துண்டு நிலம் அங்கே இருந்தது. பதினான்கு வருஷமாக வாய்க்கால் தண்ணீர் அதை எட்டியதில்லை. வேதகிரி தானியேலுக்கு வேளை தவறாமல் நாஷ்டாவும் சாப்பாடும் அனுப்பினார். வெயில் படாமல் பந்தல் போட்டுக் கொடுத்தார். பத்திரத்துக்கு என்று சொல்லி, படகைப் பனைமரத்தில் வடம் போட்டுக் கட்டவைத்தார். டவுனில் இருந்த இரண்டு மெக்கானிக்குகளையும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவைத்தார். நல்ல மனிதர் என்றுதான் தானியேல் மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலையில் காலனியிலிருந்து செங்கேணி வந்தாள். பதினேழு வயதில், கரும்பாலையில் எல்லோரும் கைவிட்ட ஆயில் இஞ்சின் ஒன்றைத் தனியாகப் பிரித்துத் தனியாக மாட்டி ஓடவிட்டவள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக, சுற்றியுள்ள பதினோரு ஊரில் எந்தப் பம்புசெட்டு இஞ்சின் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. தூக்குப்பையில் ஸ்பானர்களோடு அவளாகவே தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறினாள்.

“எவ்ளோ நேரம் ஓடுதுண்ணா?”

“மொதல்ல ஒரு மணி நேரம் நல்லாத்தான் ஓடிச்சு தங்கச்சி. அப்பால பத்து நிமிசமாச்சு. இப்ப அர நிமிசம் கூடத் தாங்கல. மூச்சு வாங்கிக்கினே நின்னுடுது.”

“சூடாவுதா?”

“இல்ல. பில்டரு புச்சு போட்டேன். லைன்ல காத்தும் எடுத்துட்டேன். டேங்க்ல பாதிக்கு மேல டீசலு கீது.”

அவர் சொன்னதை நம்பினாலும் ஒவ்வொன்றையும் அவள் தன் கையால் பார்த்தாள். பில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தாள். நுரை இல்லை, குமிழி இல்லை. டீசல் சுத்தமாக வந்தது. ஆனால் வரவர நூலாக இளைத்து, பிறகு சொட்டாகி, நின்றது. செங்கேணி திருகை இறுக்கினாள். பிறகு மேலே போய் டேங்க் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. கரையில் நின்றவர்களின் தோள் துண்டுகள் படகை நோக்கிப் பறந்தன. வேதகிரி போட்ட பந்தலின் ஓலைகள் இரண்டு பிய்ந்துகொண்டு வந்தன.

“உன் இஞ்சினுக்கு ஒண்ணுமில்லண்ணா. டேங்குக்குத்தான் மூச்சு முட்டிப் போச்சு.”

டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று போக வேண்டிய குழாயின் வாய், படகின் பக்கவாட்டில் ஒரு சின்ன துவாரமாக இருந்தது. காசிமேட்டில் மூன்று மாதம் சும்மா நின்றபோது அதற்குள் குளவி மண்கூடு கட்டிவிட்டது. இஞ்சின் ஓடிய ஒவ்வொரு முறையும் மண் இன்னும் உள்ளே இழுபட்டு இறுகியிருந்தது. சைக்கிள் கம்பியால் குத்தி, ஊதி, அவள் அதை வெளியே எடுத்தாள். மூடியை இறுக்கிவிட்டு இஞ்சினைக் கிளப்பினாள். அரை நிமிடம் ஓடியது, பத்து நிமிடம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு வேதகிரி வந்துவிட்டார்.

“செங்கேணி, எறங்கு. அந்தப் படகு நவுந்துச்சுன்னா பதினோரு ஊர்ல ஒருத்தன் உன்னக் கூப்பிட மாட்டான். யோசிச்சிக்கினு செய்.”

செங்கேணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டில் அடுப்பு எரிவது அந்த இஞ்சின்களால்தான்.

“கூப்புடாதீங்க. பதினாலு வருசமா எங்க கழனிக்குத் தண்ணி நின்னு போச்சே, அதுக்கு எந்த மெக்கானிக்கக் கூப்ட்டீங்க? நான் எறங்க மாட்டேன்.”

வேதகிரி வடத்தைப் பிடிக்கச் சொல்லி ஆட்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அவர் வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த கூலிக்காரி பவளம் எழுந்து போய், அரிவாளால் வடத்தை நான்கு இழுப்பில் அறுத்துவிட்டு, திரும்ப வந்து மிச்சப் புல்லை அறுத்தாள்.

படகு நகர்ந்தது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் அதன் அடியில் முளைத்து முளைத்து வந்தது. காலனி சனங்கள் இரண்டு பக்கமும் மண்வெட்டியோடு ஓடி மடைகளைத் திறந்தார்கள். நாற்பத்தொரு துண்டும் நனைந்த பிறகு, படகு அதற்கடுத்த சின்ன ஏரியான தாங்கலில் போய் நின்றது. தானியேல் புதுச்சேரிக்குப் போகவில்லை. இப்போதும் பத்து நாளைக்கு ஒருமுறை அவரும் செங்கேணியும் செய்யாறு வரைக்கும் படகை ஓட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். போகிற வழியில் வேதகிரியின் வயலுக்கும் தண்ணீர் பாய்கிறது, யாரும் தடுப்பதில்லை. இரண்டு மாதம் அவளைக் கூப்பிடாமல் இருந்த ஊர்கள் மூன்றாம் மாதம் கூப்பிட்டன.

பயிர்க் கணக்கு எடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர், நீர் ஆதாரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று செங்கேணியிடம் கேட்டார்.

“படகுன்னு எழுதுங்க சார்.”

“அப்டியெல்லாம் எழுத முடியாதும்மா.”

“அப்ப நெல்லும் இல்லன்னு எழுதுங்க” என்றாள் செங்கேணி. அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். முழங்கால் உயரம் பயிர் நின்றது. படகு என்றே எழுதினார். திருத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் அவள் அவரைத் தாங்கல் கரைக்குக் கூட்டிப்போய், அதையே எழுதவைத்தாள். அதன் பிறகு வரவில்லை. இப்போது அந்த வட்டாரத்துப் படிவத்தில் ஏரி, கிணறு, ஆழ்துளைக் கிணறு என்பவற்றுக்குக் கீழே நான்காவதாகப் படகு என்று அச்சாகியே வருகிறது.