குடோனில் இறுதி ஆட்டம்

கீர்த்திகாவின் கடைசிப் பந்து உருண்டு வந்து, இலக்கான சின்ன வெள்ளைப் பந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குடோனில் யாரும் கைதட்டவில்லை. இருபதுக்கு இருபது. வெள்ளைப் பந்தை நெருங்கி நிற்கும் பந்துக்குத்தான் புள்ளி. அடுத்த புள்ளி எடுப்பவள் இந்திய அணிக்குப் போவாள். இசைவாணியின் கையில் ஒரே ஒரு பந்துதான் மிச்சம்.

கபடியில் முட்டி போன பிறகு, ஓடாமல் ஆடலாம் என்பதற்காகவே அவள் பிடித்துக்கொண்ட ஆட்டம் இது. லான் பௌல்ஸ் என்றால் அவள் ஊரான தாயில்பட்டியில் யாருக்கும் விளங்கவில்லை. "கோலிக்குண்டு உருட்டவா டெல்லிக்குப் போறே?" என்றார்கள். பட்டாசு ஆலையின் விடுமுறை நாட்களில், வெடி காயப்போடும் சிமெண்டுத் தளத்தில் தனியாக உருட்டிப் பழகித்தான் மூன்று முறை தேசியத் தங்கம் வாங்கினாள். ஆலை முதலாளி ராஜபாண்டியன் வீட்டுக்கு மருமகளாக வந்த கீர்த்திகா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, தானும் ஆட வேண்டும் என்று வந்து நின்றாள். சிவகாசியில் அவர்களுடைய அச்சகக் குடோனைக் காலிசெய்து பச்சை விரிப்பு போட வைத்தவளும் அவள்தான். அதன் பிறகு இருவரும் ஜோடியாகவே ஆடினார்கள். இந்தத் தடவை அணித் தேர்வு ஒற்றையருக்கு மட்டும் என்பதால் எதிரெதிரே நின்றார்கள்.

இசைவாணியின் அம்மா இருளம்மாள் இன்னமும் அந்த ஆலையில்தான் வெடிக்குத் திரி செருகுகிறாள். காலையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "முதலாளியும் வாராகளாம். பாத்து நடந்துக்கத்தா."

"தோத்துப் போன்னு சொல்லுதியா?"

"நான் அப்படிச் சொல்லலை. எம்புட்டோ தடவை செயிச்சிட்டே. ஒருதடவை விட்டா குறைஞ்சா போயிரும்? நாளைக்கு அந்தக் குடோனைப் பூட்டிட்டா எங்கன போய் உருட்டுவே?"

கையில் பந்தோடு நின்ற இசைவாணிக்கு அந்தக் கேள்வி இப்போதும் காதில் கேட்டது. இந்த ஆட்டத்தில் தோற்பது சுலபம். மணிக்கட்டு லேசாகத் தயங்கினால் போதும், பந்து முன்னாலேயே படுத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அது கைதவறியதாகத்தான் தெரியும். முன்வரிசையில் ராஜபாண்டியன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆலைப் பெண்களோடு அம்மா நின்றாள். தலையை அவள் நிமிர்த்தவே இல்லை.

விரிப்பின் ஓரமாகக் கடந்து போன கீர்த்திகா, முகத்தைப் பார்க்காமல் தணிந்த குரலில் சொன்னாள்: "வேணும்னே சுருக்கிப் போட்டீகன்னா எனக்குத் தெரியும்க்கா."

இசைவாணி உள்ளங்கை வியர்வையைத் துடைத்தாள். குனிந்தாள். முட்டியில் பழைய வலி சுரீரென்றது. பந்தை விட்டாள்.

அது வெகுதூரம் விலகிப் போனது. தப்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வேகம் குறையக் குறைய, இந்தப் பந்துகளுக்கே உரிய ஒருபக்கக் கனம் அதை உள்ளே இழுத்தது. மெல்ல வளைந்து, கீர்த்திகாவின் பந்தை உரசாமல் உள்ளே நுழைந்து, வெள்ளைப் பந்தின்மேல் சாய்ந்து நின்றது. அளந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

கீர்த்திகா விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளைத் தூக்கிவிடக் குனிந்த இசைவாணி, வாசல் பக்கம் சலசலப்பு அடங்குவதை உணர்ந்து திரும்பினாள். ராஜபாண்டியன் எழுந்து வந்திருந்தார். விரிப்பின் விளிம்பில் நின்று, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழையப் போகிறவரைப் போல, குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.