முடி கொடுத்த மெம்பர்

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய மறு வருஷம் ஆடிக் கிருத்திகை. அன்று திருத்தணிக்குள் நுழைந்த கூட்டத்தின் கனத்தில் மலையே ஒரு முழம் அமிழ்ந்துவிட்டது. நம்பாதவர்கள் அளந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த நெரிசலில், சரவணப் பொய்கைக் கரையில் முடி இறக்கும் கொட்டகை வாசலில், பொதட்டூர்பேட்டை மணியம்மை நகராமல் நின்றாள். இடுப்பில் ஒரு மனு செருகியிருந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது கைக்குழந்தையோடு தப்பி வந்தவள் அவள். சண்டை ஓய்ந்ததும் புருஷன் எல்லப்பன் பழைய அரிசி மில் வேலைக்கு முதலில் கப்பலேறினான். வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகப் பேச்சு. வீடும் பார்த்தான். அதற்குள் பர்மாவில் புதுச் சட்டம் வந்து, பர்மிட் இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாமல் போயிற்று. அவன் இவளைப் பார்க்க வந்தாலும் திரும்பிப் போக முடியாது.

அங்கே உழைக்கிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளையாவது விடச் சொல்லி நம் சர்க்கார் பேசவேண்டும், அதை நீங்கள் சட்டசபையில் கேட்கவேண்டும் என்று மெம்பருக்கு அவள் தபாலில் போட்ட மனுக்களை அடுக்கினால் இன்னொரு கோபுரம் எழும்பும். பதிலாக ஒரு கார்டுகூட வரவில்லை. அந்த மெம்பர்தான் இப்போது கொட்டகைக்குள் இருந்தார்.

“அடையாளம் தெரியுமாடி?” என்றாள் கூட வந்த நாத்தனார் கெங்கம்மாள்.

“தெரியாம என்னா அண்ணி? இப்பதான உள்ள போனாரு. காக்கா கூடு கட்டற மாதிரி கிராப்பு, காது வரிக்கும் மீசை.”

உள்ளே அந்த இரண்டையும்தான் எடுத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. சற்று நேரத்தில், பானையிலிருந்து கொட்டியதுபோல் மொட்டைத் தலைகள் வெளியே வந்தன. எல்லாவற்றிலும் சந்தனம். மணியம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தொந்தியும் வெள்ளை வேட்டியுமாக இருந்த ஒருவர் காலில் விழுந்து மனுவை நீட்டினாள்.

அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா எழுதிகீதும்மா. எங்கம்மா சாவுக்குன்னு பர்மாவுலேர்ந்து வந்தேன். திரும்பிப் போவ உடமாட்டேன்றான். என் சம்சாரமும் பொண்ணும் மோல்மேன்ல ஒண்டியா கீறாங்க.”

“அப்போ நீங்க மெம்பரு இல்லீங்களா?”

“நானா? கனகம்மாசத்திரம் வேடியப்பன்மா நானு. மெம்பரைப் பாக்கத்தான் முடி எடுக்கற சாக்குல உள்ள போனேன். பக்கத்துல குந்தியிருந்தாரு. நாவிதரு தலைய அமுக்கிப் புடிச்சிகினாரு. நிமிந்து பாத்தா ஆளைக் காணோம்.”

“கும்புட்ட கும்புடை வாபஸ் வாங்கிக்கடி!” என்றாள் கெங்கம்மாள். யாரும் சிரிக்கவில்லை.

“மெம்பரு மலை ஏறிட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள். மணியம்மை அண்ணாந்து பார்த்தாள். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் படியே தெரியவில்லை. மஞ்சள் மஞ்சளாக மொட்டைத் தலைகள், மலைக்கே முடி இறக்கிச் சந்தனம் பூசிவிட்டதுபோல.

“என் பேரையும் இதுல சேத்துக்கறியாம்மா?” என்றார் வேடியப்பன்.

“சேத்துக்கலாங்க. மொதல்ல ஆளைப் புடிங்க. நீங்க அந்தப் பக்கம் கேளுங்க.”

முதல் படியில் கால் வைத்து, கைக்கெட்டிய மொட்டைத் தலைக்காரரின் துண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஐயா, நீங்க மெம்பருங்களா?”

அவர் இல்லை என்றார். அடுத்தவரும் இல்லை என்றார்.