காற்று இல்லாத மொட்டைமாடி

ஈஸ்டருக்கு மறுநாள் காலையிலிருந்து ஊரூர் குப்பத்தில் டயானா வீட்டு மொட்டைமாடியில் மட்டும் காற்று கிடையாது. பக்கத்து மாடிக் கொடியில் புடவை படபடக்கும். இங்கே படிக்கட்டுக் கதவோடு காற்று நின்றுவிடும், அதற்கு மேல் விண்வெளி. மாடியில் வைத்ததெல்லாம் மிதந்தது. இரண்டு நாள் வேடிக்கை பார்த்த ஜனம், மீன் வரத்து குறைந்ததைப் பேசப் போய்விட்டது. டயானாவின் புருஷன் ஏசுராஜ் அப்படி விட முடியுமா? அவனுடைய புது வலை அங்கேதான் ஆளுயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. வலை இல்லாமல் கடலுக்குப் போய் என்ன செய்வான், பாட்டா பாடுவான்?

ஆரம்ப காலத்தில் விண்வெளியில் நடந்தவர்களுக்குக் கப்பலிலிருந்து ஒரு குழாய் வழியாகத்தான் மூச்சு போனதாம். டயானா பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்தாள். தலைக்குத் தண்ணீர் கேன். உடம்புக்கு, மயிலாப்பூர் டெய்லர் மெஹபூப் அலி ரெயின்கோட் துணியில் தைத்த உடுப்பு. வயிற்றில் ஒரு சைக்கிள் வால்வு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்தே பழகிய மனிதர். "உள்ள நெறைய துணி வுட்டுக்கீறேன், வளந்தா பிரிச்சிக்கலாம்" என்றார். நாற்பது வயசுக்காரன் இனி எங்கே வளரப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை.

ஏசுராஜ் வெளியே மிதந்தான், வலையைப் பிடித்தான், உடனே திரும்பியிருக்கலாம். அவனோ அடையாறு முகத்துவாரத்தையும் சாந்தோம் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டு, "சூப்பரா கீது டயானா, இரு வரேன்" என்று குழாய் வழியே சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் உடுப்பு உப்பிவிட்டது. மடித்துத் தைத்த துணியெல்லாம் பிரிந்து இடம் கொடுத்தது. திரும்பி வந்தபோது அவன் கதவுக்குள் நுழையவில்லை. தோள் இடித்தது, வயிறு இடித்தது, காலை முதலில் விட்டும் ஆகவில்லை. கம்ப்ரசர் வேறு சூடேறி இரும ஆரம்பித்தது. டயானா குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யோவ், வால்வைத் தொறந்து காத்தை வுடு!"

"காத்து போனா நானும் பூடுவேனே!"

"நான் புடிச்சிக்கினு கீறேன்யா, வுடு!"

அவள் சொன்னாள் என்பதற்காகவே அவன் திறந்தான். உடுப்பு சுருங்கியது. குழாயோடு வலையோடு ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துப் போட்டாள். முதுகில் இரண்டு அறை வைத்து, கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கண்ணைத் துடைத்த பிறகு கேட்டாள்: "மெய்யாலுமே சூப்பரா கீதா?"

மெஹபூப் அலி உடுப்பை அவள் அளவுக்குப் பிடித்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டயானாதான் மேலே போகிறாள். குழாயைப் பிடித்தபடி ஏசுராஜ், "போதும் வாம்மே, பசிக்குது" என்று கூப்பிடுவான். அவள் லேசில் இறங்குவதில்லை.