வலது பாதத்தில் ஒரு மச்சம்

என் வலது குதிகாலில் இருக்கும் மச்சம்தான் என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது என்று நாற்பத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். உள்ளங்காலில் மச்சம் இருப்பவன் ஒரு இடத்தில் தங்கமாட்டான், நாடு நாடாகச் சுற்றுவான் என்று அம்மா சொல்வாள். அதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்ற இடத்தில், 'வலது பாதத்தின் அடியில் ஒரு மச்சம்' என்று வகுப்பு வாத்தியார் கைப்பட எழுதி, தலைமை ஆசிரியர் முத்திரையும் குத்தியிருக்கிறார். ஊரில் எத்தனையோ அதிர்ஷ்டக்காரர்கள் இருக்கலாம். சீல் வைத்த அதிர்ஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வந்த இடத்தில் எனக்குக் கூரை மேல் வேலை. வீடு வீடாக ஏறி சோலார் தகடு மாட்ட வேண்டும். மேலே வெயில், கீழே கொதிக்கும் தகரம். எங்கள் மேஸ்திரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'தொப்பி'. காலையில் வணக்கம் சொல்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. "தொப்பி எங்க? க்ரீம் தடவினியா?" என்றுதான் ஆரம்பிப்பார். தடவவில்லை என்றால் அவரே டப்பாவைத் திறந்து, முகச்சவரத்துக்கு நுரை பூசுவது மாதிரி கழுத்தெல்லாம் பூசிவிடுவார். கூரையில் வேலை பார்த்த அவருடைய அண்ணனுக்குத் தோலில் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாராம். அதனால் முதலாளியோடு மல்லுக்கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை தோல் பரிசோதனை வேன் ஒன்றை வரவழைப்பார். எங்களுக்கு ஒரு காசு செலவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயதான அந்த வருஷமும் வேன் வந்தது. நான் சட்டையைக் கழற்றி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். முதுகு, கழுத்து, காது மடல் எல்லாவற்றையும் பார்த்த நர்ஸ், "ஷூவையும் கழட்டுங்க" என்றார்.

அன்றைக்கு நான் போட்டிருந்த சாக்ஸில் இரண்டு கட்டைவிரலும் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தன.

"கால்ல வெயிலே படாதுங்க. பூட்ஸ்தான் எப்பவும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக வேறு நினைப்பு.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சோபாவின் கைப்பிடி மேல் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சட்டென்று நிறுத்தினாள்.

"என்னங்க, கால்ல என்ன மை?"

ஈரத் துண்டால் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஏய், தோல் உரிஞ்சிடப் போகுது! அது என் மச்சம். வெளிநாட்டு மச்சம்."

"மச்சத்துக்கு வால் இருக்குமா?"

கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாள். ஒரு அவரை விதை அளவு. ஒரு பக்கம் பழுப்பு, இன்னொரு பக்கம் கன்னங்கரேல். ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு வால். நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அவளிடம் சொல்லவில்லை. தன் உள்ளங்காலை எந்த மனிதன் குனிந்து பார்க்கிறான்? அடுத்த நாள் குளியலறையில் கண்ணாடி வைத்துப் பார்க்க முயன்று தொடையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கத்தியதுதான் மிச்சம்.

"நம்ம நிறத்துக்கு இந்த நோயெல்லாம் வராது" என்றேன்.

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே. சரி, வேன்ல காட்டினீங்கல்ல? என்ன சொன்னாங்க?"

சாக்ஸ் கதையைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் அலமாரியைத் திறந்து என் சாக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்து, குப்பையில் போட்டாள். மொத்தம் பதினோரு சாக்ஸ். ஒற்றைப்படையில் எப்படி வந்தது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வேன் இனி அடுத்த வருஷம்தான். அடுத்த தெருவில் இருக்கும் சின்ன மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கட்டணம் குறைவு. டாக்டரம்மா விளக்கு வைத்த லென்ஸால் நெடுநேரம் பார்த்தார்.

"இது ரொம்ப நாளா இருக்கா, புதுசா வந்ததா? அதுதான் முக்கியம். எதுக்கும் தோல் நிபுணர்கிட்ட போய்க் கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதிச்சாகணும்."

நிபுணரின் கட்டணம், சோதனை, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்ததும் எனக்குக் குதிகாலை விட்டு நெஞ்சு வலித்தது. அந்தப் பணத்தில் நாங்களும் மகளுமாக மூன்று பேரும் விமானத்தில் ஊருக்குப் போய்த் திரும்பலாம்.

"அப்ப ஊருக்குப் போறப்பவே பார்த்துக்கறோம் டாக்டர். அங்க செலவு கம்மி."

"எப்ப போறீங்க?"

"ஏழு மாசத்துல."

"அது உங்களுக்காக ஏழு மாசம் காத்துக்கிட்டு இருக்கும்னு எழுதிக் கொடுத்திருக்கா?" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? முதல்ல அவங்ககிட்ட அனுமதி கேளுங்க."

இன்சூரன்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில், ஏழு வருஷத்துக்கு முன், அவள் நச்சரித்து எடுக்கவைத்தது. இப்போது அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். 'இந்தக் குறை எப்போதிலிருந்து இருக்கிறது?' என்று ஒரு கேள்வி. புதிதாக வந்ததென்றால்தானே பயப்பட வேண்டும்? பழையது என்று நிரூபித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. 'சிறு வயதிலிருந்து' என்று எழுதி, விடவா போகிறேன், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் மொழிபெயர்த்து இணைத்தேன். ஒரு விண்ணப்பத்தை இவ்வளவு கச்சிதமாக நான் வாழ்க்கையில் நிரப்பியதில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. இன்சூரன்ஸ் எடுப்பதற்கு முன்பே இருந்த குறைகளுக்குப் பணம் தருவதற்கில்லை.

போன் போட்டு எகிறினேன். மறுமுனையில் இருந்த ஆள் தேன் ஒழுகப் பேசினார். "நீங்களே ஆதாரம் அனுப்பியிருக்கீங்களே சார். முத்திரையோட. இவ்வளவு தெளிவான ஆதாரம் எங்களுக்கு யாருமே அனுப்பினதில்ல."

அன்று மனைவி வீட்டுக்கு வந்து, நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். அவள் ஒரு பெரிய கடையில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கண் வந்துவிட்டது. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"எதிர்க்கட்சிக்கு நீங்களே வலியப் போய்ச் சாட்சி சொல்லியிருக்கீங்க. சரி, இப்ப உண்மையச் சொல்லுங்க. சின்ன வயசுல இந்த மச்சத்தை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"சர்டிபிகேட்ல..."

"சர்டிபிகேட்டைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

யோசித்தேன். அன்றைக்கு வகுப்பில் நாற்பத்திரண்டு பையன்கள். மதியத்துக்குள் படிவங்கள் போய்ச்சேர வேண்டும். ஆளுக்கு இரண்டு அடையாளம் எழுத வேண்டும். எனக்கு முழங்காலில் தழும்பு ஒன்று இருந்தது, இரண்டாவது இல்லை. "தேடுடா, உடம்புல ஒண்ணுகூடவா இல்ல?" என்று வாத்தியார் கத்தினார். நான் பெஞ்சு மேல் காலைத் தூக்கி வைத்தேன். அவர் மேசையிலிருந்தே எட்டிப் பார்த்து, "அதோ, கறுப்பா இருக்கு பாரு" என்று எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

"அந்த வாரம் ஸ்கூல் வாசல்ல ரோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றேன் மெதுவாக. "எனக்குச் செருப்பு கிடையாது."

"தாரா?"

"தாராவும் இருக்கலாம்."

"இருபத்தாறு வருஷமா ஒரு பொட்டுத் தாரை நம்பியா நீங்க நாடு நாடா சுத்தறீங்க?"

ஊர்ஜிதம் செய்துகொள்ள அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, எனக்குக் கால்ல மச்சம் இருந்ததை நீ பார்த்தியா?"

"நான் எதுக்குடா பார்க்கணும்? அதான் சர்டிபிகேட்லயே போட்டிருக்கே. கவர்மெண்டு பொய்யா எழுதும்? டேய், அதை வெட்டிகிட்டி எடுத்துடாத. வேலை போயிடும்!"

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தாள். "எங்க கவுன்டர்ல ஆயிரம் பேர் அழுவாங்க, சண்டை போடுவாங்க. ஒண்ணும் நடக்காது. தேதி போட்ட ரசீதைக் காட்டினா ஒரு நிமிஷத்துல காசு. நமக்கும் ரசீது வேணும்."

"உள்ளங்காலுக்கு எவன் ரசீது கொடுப்பான்?"

அவள் பழைய கணினியைத் திறந்தாள். எங்கள் மகள் பிறந்தபோது குழந்தை யார் ஜாடை என்று இரண்டு வீட்டுக்கும் பெரிய வழக்கு. மூக்கு அவர்கள் வீட்டுப் பக்கம், நெற்றியும் அவர்கள் பக்கம். எங்கள் தரப்பில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் இரண்டாம் கால்விரல் கட்டைவிரலைவிட நீளம் என்று கண்டுபிடித்தோம். அது என் கால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் படுக்கச் சொல்லி, என் உள்ளங்கால்களுக்கு நடுவே குழந்தையின் உள்ளங்கால்களை வைத்து, அம்மாவுக்கு அனுப்ப இவள்தான் படம் எடுத்தாள்.

படம் கிடைத்தது. தேதியோடு. பெரிதாக்கினாள். இரண்டு பெரிய பாதம், நடுவே என் நடுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு சின்னப் பாதம். வலது குதிகாலில் வெடிப்பு இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

"இல்ல! மச்சமே இல்ல!" என்று அவள் குதித்தாள். "இன்சூரன்ஸுக்கு ஏழு வருஷம், படத்துக்கு ஆறு வருஷம். மாட்டினாங்க!" நானும் குதித்தேன். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து, எதற்கென்று தெரியாமலே அவளும் குதித்தாள்.

பிறகு மனைவி நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"அப்ப இது புதுசு" என்றாள்.

டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு நாங்களே பாடுபட்டுப் பதில் கண்டுபிடித்திருந்தோம். முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. கூரை விளிம்பில் நிற்கும்போதுகூட வராத பயம். மகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்குத் துண்டால தேய்ச்சப்பவே பயம்" என்றாள் அவள். "போகணும் போகணும்னு வேண்டிக்கிட்டேதான் தேய்ச்சேன்."

படத்தை அனுப்பினோம். அனுமதி வந்தது. அதே தேன் குரல் போனில், "ரொம்பத் தெளிவான படம் சார். குழந்தை பிறந்ததுக்கு வாழ்த்துகள்" என்றது. குழந்தை முதல் வகுப்பு படிக்கிறது என்று நான் சொல்லவில்லை. மறுபடியும் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

சோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். மேல்தோலைத் தாண்டி இறங்கவில்லை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் நிபுணர்.

"வெயில்ல வேலை பார்க்கறதால வந்ததா டாக்டர்?"

"இல்ல. உங்க நிறத்துல இருக்கறவங்களுக்கு இது அபூர்வம். ஆனா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலன்னு வெயில் படாத இடத்துலதான் வரும். அங்க யாரும் பார்க்கறதில்ல. அதனாலதான் முத்தவிட்டு வர்றாங்க."

சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து குதிகாலில் ஒட்டினார்கள். எங்கள் பங்குக்குக் கட்டவேண்டியதை மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். ஊருக்குப் போகும் பயணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டதோடு சரி.

தொப்பி பார்க்க வந்தார். என் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்ஸ் விஷயத்தை என் மனைவி அவரிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் வேன் வந்தபோது அவர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, "ஷூவைக் கழட்டு! ஷூவைக் கழட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் புது சாக்ஸ் வைத்திருந்தார். சொந்தக் காசில் வாங்கியது.

வேலை போகவில்லை. கூரையில்தான் இருக்கிறேன். மச்சம் போன பிறகும் நான் இங்கேயே இருப்பது அம்மாவுக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நான் படுக்கையில் காலை நீட்ட வேண்டும். மனைவி படம் எடுப்பாள். மகளும் ஓடிவந்து என் பக்கத்தில் படுத்து, தன் பாதங்களையும் நடுவில் நீட்டிக்கொள்வாள். இப்போது அவை என் பாதத்தில் முக்கால்வாசிக்கு வந்துவிட்டன.

"அப்பா, சிரிங்க" என்பாள்.

"காலைத்தானேம்மா எடுக்கறாங்க?"

"பரவால்ல, சிரிங்க."

அவள் அம்மா படத்தைப் பெரிதாக்கி, விரல் விரலாகப் பார்ப்பாள். என் காலை முடித்துவிட்டு மகளின் காலையும் பார்ப்பாள். அதுவரை நான் மூச்சு விடமாட்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்பாள். அதன் பிறகுதான் சிரிப்பேன்.