ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு

திரையைப் பாதி விலக்கிய மகன் சட்டென்று மூடிவிட்டான்.

"ஏன்டா?" என்றார் அப்பா. கட்டில் மாடி ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. குரல் ஒவ்வொரு சொல்லாக மூச்சுக்குள்ளிருந்து வந்தது. "பார்க்குல வேலை சத்தம் கேக்குதே. தெறயேன்."

"வெயில்பா. கண்ணு கூசும்."

வெயிலே இல்லை. தெருவுக்கு எதிரே பூங்காவில், வீட்டைப் பார்த்தபடி ஒரு புது பெஞ்சு முளைத்திருந்தது. பச்சை பெயின்ட். சாய்மானத்தில் வெள்ளை எழுத்தில் அப்பாவின் பெயர். அதன் கீழே 'நினைவாக'.

குப்பைமேடாகக் கிடந்த இடத்தை, தெருக்காரர்களைக் கெஞ்சியும் திட்டியும் பூங்காவாக்கியவர் அப்பா. அவர் போட்டது ஒரே சட்டம்: ஞாயிறு காலை மட்டும்தான் வேலை. கண்ட நாளில் மண்வெட்டியைத் தொடுகிறவன் ஞாயிறன்று வரமாட்டான் என்பது அவர் கணக்கு. இன்று விழித்ததும் கிழமையைக் கேட்டார். "அப்ப இன்னொரு ஞாயிறு பார்த்தாச்சு" என்றவர், மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாதுப்பா."

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த எழுத்தைப் பார்த்தால் அந்தக் கணமே போய்விடுவார் என்று மகனுக்குத் தோன்றியது. அக்காவை அருகில் உட்கார வைத்துவிட்டு, செருப்பில்லாமல் ஓடினான்.

பூங்காக் குழுவின் செயலாளரான தையல்காரர் பிரஷ்ஷோடு நின்றிருந்தார்.

"மாமா, அவர் இன்னும் உயிரோட இருக்காரு."

"தெரியும்ப்பா. அதான் தேதி போடல." நியாயமாகத்தான் சொன்னார். "ஆளுங்க இன்னைக்குத்தான் வந்திருக்காங்க. விட்டா அடுத்த ஞாயிறு. உங்கப்பா சட்டம், நான் என்ன பண்ண?"

"அழிங்க."

"ஈரத்துல அழிச்சா அசிங்கமாயிடும். உங்கப்பாவுக்கே பிடிக்காது."

மாடியில் திரை விலகியது. அக்கா. அப்பா கேட்டதை மறுத்துப் பழகாதவள். தலையணையை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

மகன் பெஞ்சில் விழுந்து, முதுகை எழுத்தின்மேல் அழுத்தினான். சட்டைக்குள் சில்லென்று இறங்கியது.

அப்பா பார்த்தார். ஓரத்தில் ஏதாவது எழுத்து தெரிகிறதோ? மகன் தோளை இன்னும் விரித்துக்கொண்டான். அப்பாவின் கண் பிரஷ்ஷுக்குப் போய், திரும்ப அவனிடம் வந்தது.

கை எழுந்தது. ஈர பெயின்ட்டில் உட்காருகிறவர்களை ஞாயிறுதோறும் விரட்டுகிற அதே கை. எழுந்திரு, எழுந்திரு.

"எழுந்திரிக்கச் சொல்றாருடா," என்றார் தையல்காரர்.

"தெரியுது மாமா."

மகன் அசையவில்லை. அப்பாவின் முகத்தில் கோபம்கூட வந்தது. கை மறுபடி எழுந்து, பாதியில் நின்று, ஜன்னல் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. அக்கா குனிந்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது பூங்காவைப் பார்க்கவில்லை. திரையை மூடினாள்.

மண்வெட்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தையல்காரர் பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார்.

"இனி எழுந்துக்கலாம்ப்பா."

மகன் உட்கார்ந்தே இருந்தான். முதுகில் பெயின்ட் காயத் தொடங்கியிருந்தது.